புதிய ட்ராக் லோடர்கள்: உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவன் பார்வையில்

ட்ராக் லோடர், அதாவது சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடி முன்னால் பக்கெட்டால் மண் அள்ளும் மெஷின், வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். நடுத்தர அளவு மெஷின்களில் இந்தக் கேள்வியால் ஒரு பிரயோசனமும் கிடையாது. பாப்கேட் டி66, டி76, குபோட்டா எஸ்விஎல்75-3, டகேயுச்சி டிஎல்8ஆர்2, கேட்டர்பில்லர் 255, 265, எதை எடுத்தாலும் 74 எச்.பி. பக்கத்தில்தான் நிற்கும். காரணம் அமெரிக்காவின் டியர் 4 ஃபைனல் புகை விதிகள். 75 எச்.பி.யைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுக்கு மிகக் கடுமையான வரம்பு வந்துவிடும், அதைச் சமாளிக்கப் பெரும்பாலும் யூரியா திரவம் ஊற்றும் அமைப்பு வேண்டும், விலையும் ஏறும் பராமரிப்பும் ஏறும், ஆகவே எல்லாக் கம்பெனிகளும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கின்றன. கனடாவிலும் அதே நிலைதான். அந்த 74க்குள் டார்க் (சுழற்றும் விசை) எவ்வளவு என்பதுதான் வித்தியாசம் காட்டும். கேட்டர்பில்லர் 265இன் இன்ஜின் பழைய டி3 வரிசையைவிட 43 சதவீதம் கூடுதல் டார்க் தருவதாகக் கம்பெனி சொல்கிறது. ஈரக் களிமண்ணுக்குள் பக்கெட்டைத் திணிக்கும்போது அது நன்றாகவே தெரிகிறது, இன்ஜின் சத்தம் முன்போல இறங்கித் தவிப்பதில்லை.

நான் டொராண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில், ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கம், ஆப்பரேட்டராக வேலை செய்கிறேன். கோடையில் பின்வளவு வேலை, டிரைவ்வே தோண்டுவது, இன்டர்லாக் கல் பதிக்க அடித்தளம் போடுவது, நீச்சல்குளத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே எடுப்பது. குளிர்காலம் வந்தால் ஸ்னோ. முதலாளியின் மெஷின், வாடகை மெஷின் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஓட்டுகிறேன். சொந்தமாக லேண்ட்ஸ்கேப்பிங் தொடங்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர், "அண்ணா, எது எடுக்கலாம்?" என்று கேட்கும்போது இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. புது மெஷின் ஒரு லட்சம் கனடிய டாலரைச் சுற்றி வரும் விஷயம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருடங்களில் வந்த மெஷின்களில் உண்மையாகவே முன்னேறியிருப்பது இன்ஜினோ தூக்கும் சக்தியோ இல்லை, கேபினும் அடிப்பாகமும்தான். ஒரு நாளைக்கு எட்டு பத்து மணி நேரம் அதற்குள் உட்காருகிற மனிதனுடைய முதுகும் கழுத்தும் காலும் என்ன ஆகின்றன என்பதை இப்போதுதான் கம்பெனிகள் யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. வாங்குகிறவர் முதலாளி, ஓட்டுகிறவர் வேறு ஆள் என்றால் இது கணக்கிலேயே வராமல் போய்விடும். தயவுசெய்து ஓட்டப்போகிறவரையும் டீலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழைய மெஷின்களில் கேபின் என்பது இரும்புக் கூண்டுக்குக் கண்ணாடி மாட்டியதுதான். இடுக்குகள் வழியாகக் காற்று வரும், கோடையில் கல் வெட்டும் தூசி வரும், ஜனவரியில் வெளியே மைனஸ் 20 என்றால் ஹீட்டர் முகத்தைச் சுடும், கால் விறைத்துப்போகும். இப்போது குபோட்டா எஸ்விஎல்75-3இல் ஒரே துண்டாகச் செய்து நன்றாக மூடிய கேபின் தருகிறார்கள். ஜான் டியர் 2024இல் அறிவித்த 331, 333, 335 பி-டியர் மெஷின்களிலும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். பாப்கேட் ஆர் வரிசையும் (டி66, டி76 அதில்தான்) காற்று உள்ளே அழுத்தமாக நின்று தூசியை வெளியே தள்ளும் கேபினோடு கிடைக்கிறது. கேட்டர்பில்லர் 255, 265இல் கேபினை அகலமாக்கி, கால் வைக்கும் இடத்தையும் கூட்டியிருக்கிறார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் குளிர்கால பூட்ஸ் போட்டுக்கொண்டு பழைய மெஷினில் உட்கார்ந்தவருக்கு அந்தக் கால் இடம் என்ன என்று தெரியும். ஜாய்ஸ்டிக்குகள் சீட்டோடு சேர்ந்து அசைவதும் எனக்குப் பிடித்த விஷயம், மெஷின் குலுங்கும்போது கையும் கட்டுப்பாடும் ஒன்றாக ஆடுவதால் தேவையில்லாமல் பக்கெட் துள்ளுவதில்லை.

கதவு விஷயத்தில்தான் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் இருக்கிறது. முன்பக்கமாக வெளியே திறக்கும் கதவு உள்ள மெஷின்களில், தூக்கும் கை முழுக்கக் கீழே இருந்தால்தான் இறங்க முடியும். பாதி உயரத்தில் பேலட்டை (கல் அடுக்கிய மரத்தட்டு) பிடித்தபடி இன்ஜின் நின்றுவிட்டால், முதலில் கையை இறக்கப் பார்க்க வேண்டும், அது முடியாவிட்டால் பின்கண்ணாடியைத் தள்ளி அந்த அவசர வழியாக ஊர்ந்து வர வேண்டும். கதவு திறந்திருப்பதைக் கவனிக்காமல் கையை இறக்கிக் கண்ணாடியை நொறுக்குவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. குபோட்டாவிலும் டகேயுச்சியிலும் கதவு மேலே சுருண்டு கூரைக்கடியில் போய்விடும். குபோட்டாவில் கை எந்த உயரத்தில் நின்றாலும் அது திறக்கும், கதவைத் திறந்து வைத்தபடியே வேலையும் செய்யலாம். மட்டம் பார்க்க, நூல் கட்ட, கல்லை நகர்த்த என்று நாள் முழுக்க ஏறி இறங்கும் எங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஜேசிபி வேறு வழியில் போயிருக்கிறது. அவர்களுடைய மெஷினில் வலது பக்கம் ஒரே ஒரு கை, இடது பக்கம் கார் போலக் கதவு. சேறு பிடித்த பக்கெட்டின் மேல் கால் வைத்து ஏற வேண்டியதே இல்லை. பக்கெட்டில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் பக்கவாட்டுக் கதவை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது பார்வை. இந்த மெஷின்களின் பெரிய குறை பின்பக்க மூலைகள்தான். குழந்தைகள் விளையாடும் பின்வளவில், வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் பின்னால் எடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேட்டர்பில்லர் புதிய மெஷின்களில் இன்ஜினைச் சட்டத்துக்குள் தாழ இறக்கிவிட்டதால் பக்கமும் பின்னும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. குபோட்டாவில் 7 அங்குலத் திரையோடு பின் கேமரா வருகிறது. கேமரா நல்லதுதான், ஆனால் சேற்றில் வேலை செய்யும் மெஷினில் அந்த லென்ஸ் கொஞ்ச நேரத்தில் மண் அப்பிப் போகும். திரையை நம்பிக் கழுத்தைத் திருப்பாமல் விடும் பழக்கம் புதிதாக வரும் பையன்களிடம் பார்க்கிறேன். தம்பிமாரே, திரும்பிப் பாருங்கள்.

இனி அடிப்பாகம். ரப்பர் ட்ராக் ஓடும் அந்தச் சட்டம் மெஷினோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா, இடையில் சஸ்பென்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டர்பில்லரில் டார்ஷன் சஸ்பென்ஷன் (முறுக்கிக்கொடுத்து அதிர்வை வாங்கும் அச்சு) இருக்கிறது, பாப்கேட்டில் ஐந்து இணைப்பு டார்ஷன் சஸ்பென்ஷன் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம், ஜான் டியர் பெரிய மெஷின்களில் அதிர்வைக் குறைக்கும் அடிப்பாகம் தருகிறது. ஏஎஸ்வி இதில் எல்லாரையும் விட ஒரு படி மேலே. அவர்களுடைய போசி-ட்ராக்கில் சட்டத்துக்கும் சஸ்பென்ஷன், உள்ளே உருளும் சக்கரங்களுக்கும் தனியாக சஸ்பென்ஷன், ட்ராக்குக்குள் இரும்பு வடமும் கிடையாது. 1990இலேயே மின்னசோட்டாவில் ட்ராக் லோடர் செய்யத் தொடங்கிய கம்பெனி அது, 2019இலிருந்து யான்மார் கையில் இருக்கிறது. உறைந்து கரடுமுரடான தரையில் ஏஎஸ்வியை ஓட்டிவிட்டு சஸ்பென்ஷன் இல்லாத மெஷினில் ஏறினால் முதுகெலும்பு ஒவ்வொரு கட்டியையும் எண்ணும். மென்மையாக ஓடுகிறது என்பதோடு முடியவில்லை, பக்கெட்டில் ஏற்றிய ஜல்லி வழியில் சிந்தாமல் வருவதால் வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஆனால் சக்கரங்கள் அதிகம், சுத்தம் செய்ய நேரம் எடுக்கும், தேய்ந்தால் மாற்றவும் அதிகம்.

சுத்தம் என்று சொன்னேன் இல்லையா, இங்கே அதுதான் உயிர்நாடி. நவம்பருக்குப் பிறகு மாலையில் ட்ராக்குக்குள் இருக்கும் மண்ணை மண்வெட்டியால் சுரண்டி எடுக்காமல் போனால், காலையில் அது கல்லாக உறைந்திருக்கும். அப்படியே அசைத்தால் ஸ்ப்ராக்கெட்டோ (ட்ராக்கைச் சுற்றும் பல்சக்கரம்) ட்ராக்கோ போகும். இரவில் மெஷினைப் பலகை மேல் ஏற்றி நிறுத்துவதும் நல்லது, ட்ராக் தரையோடு உறைந்து ஒட்டாது. ட்ராக் இறுக்கம் கிரீஸ் அடித்துச் சரிசெய்வதுதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தளர்ந்தால் சரிவில் திரும்பும்போது கழன்று விழும், அளவுக்கு மீறி இறுக்கினால் ரோலர் (ட்ராக்குக்குள் உருளும் சக்கரம்) தேயும்.

தூக்கும் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ட்ராக் லோடருக்கு வழக்கமாக மெஷின் கவிழும் எடையில் 35 சதவீதத்தைத்தான் வேலை எடையாகச் சொல்வார்கள், சக்கர மெஷினுக்கு 50 சதவீதம். சில விளம்பரங்களில் ட்ராக் மெஷினுக்கும் 50 சதவீதக் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். கேஸ் டிவி620பி என்ற பெயரில் இருக்கும் 6,200 பவுண்டு அந்த 50 சதவீதக் கணக்குதான். பெரிய மெஷின், சந்தேகமில்லை, ஆனால் இன்னொன்றின் 35 சதவீத எண்ணோடு அதை வைத்துப் பார்க்கக் கூடாது. பாப்கேட் டி66க்கு 35 சதவீதத்தில் 2,450 பவுண்டு, டி76க்கு 2,900. ஈரக் களிமண் ஒரு கன யார்டு சுமார் 3,000 பவுண்டு, பக்கெட்டில் ஏறுவது அரை யார்டுக்குக் கொஞ்சம் மேலே, ஆக மண் வேலைக்கு டி66 தாராளம். கல் பேலட் தூக்கத்தான் யோசிக்க வேண்டும். இன்டர்லாக் கல் பேலட் ஒன்று சாதாரணமாக 3,000 பவுண்டைத் தாண்டும், அதிலும் ஃபோர்க்கில் (பேலட் தூக்கும் இரட்டை இரும்புக் கரம்) பாரம் மெஷினை விட்டுத் தள்ளி நிற்பதால் தூக்கும் அளவு இன்னும் குறையும். இன்டர்லாக் வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால் ஒரு அளவு மேலே போங்கள், அல்லது பேலட்டில் இரண்டு அடுக்கை இறக்கிவிட்டுத் தூக்குங்கள்.

டிபிஎஃப் (டீசல் புகை வடிகட்டி) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாப்கேட்டின் 2.4 லிட்டர் இன்ஜினில் அது இல்லை. குபோட்டாவில் இருக்கிறது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் சூடேற்றி எரித்துவிடும் வடிகட்டி அது. மெஷின் நல்ல சுமையில் ஓடினால் ஓடும்போதே எரித்துக்கொள்ளும், ஆப்பரேட்டருக்குத் தெரியவே தெரியாது. பிரச்சினை எங்கே என்றால், குளிர்காலத்தில் ஹீட்டருக்காக மெஷினைச் சும்மா ஓடவிட்டுக் காப்பி குடிக்கிற பழக்கத்தில். இன்ஜின் சூடேறாமல் கரி மட்டும் சேரும், கடைசியில் வேலை நடுவில் நிறுத்திவைத்து எரிக்கச் சொல்லும், அதற்கு நிறைய நேரம் போகும். அந்த நேரத்தில் புகைக்குழாய் பயங்கரச் சூடாக இருக்கும், காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். 75 எச்.பி.க்கு மேலே போய் யூரியா ஊற்றும் மெஷின் எடுத்தால் அந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். டாங்கியைச் சூடாக்க வழி இருக்கிறது, ஆனால் கேனை டிரக்கின் பின்னால் போட்டுவிட்டுப் போனால் காலையில் கட்டிதான் கிடைக்கும்.

ஜாய்ஸ்டிக் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய மின் கட்டுப்பாட்டு மெஷின்களில் ஒரு சுவிட்சைத் தட்டி ஐஎஸ்ஓ முறைக்கும் எச் முறைக்கும் மாற்றலாம். ஐஎஸ்ஓவில் இடது கையால் ஓட்டம், வலது கையால் பக்கெட். எச் முறையில் இடது ஜாய்ஸ்டிக் இடது ட்ராக்கையும் வலது ஜாய்ஸ்டிக் வலது ட்ராக்கையும் நகர்த்தும். இரண்டு ஆப்பரேட்டர் ஓட்டும் மெஷினில் இது வரம், ஆனால் முந்தினவர் எதில் விட்டுப் போனார் என்று பார்க்காமல் தொட்டால் ஆபத்து. ஏறியதும் திறந்த இடத்தில் மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். ஜாய்ஸ்டிக் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்று மாற்றும் வசதியை எல்லாரும் பயன்படுத்துங்கள். மட்டம் போடும்போது மென்மை, மண் ஏற்றும்போது வேகம். புதிதாகப் பழகுகிறவரை மென்மையில் வைத்துத் தொடங்கினால் வேலி பிழைக்கும்.

திரைகள் விஷயத்தில் எனக்கு மனக்குறை. ரேடியோ, ஏசி, விசிறி எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை, தடித்த கையுறையோடு அதில் எதையும் அழுத்த முடிவதில்லை. தினமும் தொடுகிற நான்கைந்து விஷயங்களுக்கு நிஜமான பித்தான் வேண்டும். சென்சர்களும் அப்படித்தான். நான் ஓட்டிய ஒரு புது மெஷினில், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், மழை நாளில் சீட் பார் (மடிக்கு மேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) சென்சர் தகராறு பண்ணியது. பார் கீழே இருந்தும் அது மேலே இருப்பதாக மெஷின் நினைத்துக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. நல்ல இன்ஜின், நல்ல ஹைட்ராலிக், ஆனால் டெக்னீஷியன் லேப்டாப்போடு மறுநாள் வரும்வரை வீட்டுக்காரருடைய டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு நின்றது. பாதுகாப்புக்கு சென்சர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்த சென்சர், எந்த வயர் என்று ஆப்பரேட்டருக்குத் திரையிலேயே தெளிவாகச் சொல்லட்டும், வெறும் எண்ணைக் காட்டி டீலரைக் கூப்பிடச் சொல்வது சரியில்லை.

ஸ்னோவுக்கு ட்ராக் வாங்கலாமா என்று கேட்டால், அதற்காக மட்டும் வேண்டாம். சேற்றிலும் மென்மையான மண்ணிலும் ட்ராக்குக்கு நிகரில்லை, ஆனால் இறுகிய ஸ்னோவிலும் ஐஸிலும் சாதாரண ட்ராக் வழுக்கும், நல்ல ஸ்னோ டயர் போட்ட சக்கர மெஷின் அங்கே நன்றாகப் பிடிக்கும். அத்தோடு தார் போட்ட பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திருப்பினால் ரப்பர் பென்சில் ரப்பர் போல உதிரும். ட்ராக் ஒரு செட் மாற்றினால் பல ஆயிரம் டாலர். ஏற்கனவே ட்ராக் மெஷின் இருக்கிறது, குளிர்காலத்தில் சும்மா நிற்கிறது என்றால், குளிர்கால ட்ராக் மாட்டி, திருப்பங்களை அகலமாக எடுத்து ஓட்டுங்கள்.

இங்குள்ள புதுக் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலடி இடைவெளி. எஸ்விஎல்75-3 ஏறக்குறைய 66 அங்குல அகலம், அது பின்வளவுக்குப் போகவே முடியாது. பக்கத்து வீட்டு வேலியைக் கழற்ற அனுமதி கேட்டு அலைவதைவிட, 36 அங்குல அகலத்துக்குள் அடங்கும் நின்று ஓட்டும் மினி ட்ராக் லோடர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். டோரோ டிங்கோ, பாப்கேட் எம்டி100 மாதிரியானவை. 25 எச்.பி.க்குக் கீழே இருப்பதால் புகை வடிகட்டித் தொல்லையும் இல்லை. சின்ன லேண்ட்ஸ்கேப்பிங் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியதே இதுதான் என்பது என் எண்ணம். பெரிய மெஷினைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மின்சார மெஷினும் வந்துவிட்டது. பாப்கேட் டி7எக்ஸ் 2022இல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிமுகமானது, 62 கிலோவாட் மணி பேட்டரி, ஹைட்ராலிக் எண்ணெயே கிடையாது, தூக்குவதும் சாய்ப்பதும்கூட மின் மோட்டார்தான். ஹோஸ் வெடித்து வீட்டுக்காரரின் புல்தரையில் எண்ணெய் கொட்டும் கவலை போய்விடும், சத்தமும் குறைவு. எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் போட மின் இணைப்பே இல்லாத சைட்டுகளில் வேலை செய்கிறோம். குளிரில் பேட்டரி வேறு சோர்ந்துபோகும். கட்டடத்துக்குள் இடிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு இது முதலில் ஒத்துவரும்.

வாங்குவதாக முடிவு செய்தால், உங்கள் மனதில் இருக்கும் இரண்டு மெஷின்களையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் சைட்டில், உங்கள் மண்ணில் ஓட்டிப் பாருங்கள். டீலரின் முற்றத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தெரியும். பழையது பார்ப்பதாக இருந்தால் மணிக் கணக்கை மட்டும் நம்பாமல் ஸ்ப்ராக்கெட் பல் கூர்மையாகத் தேய்ந்திருக்கிறதா, ரோலர்களில் எண்ணெய் கசிகிறதா, ட்ராக்குக்குள் இரும்பு வடம் வெளியே தெரிகிறதா, தூக்கும் கையின் முனையில் இணைப்புப் பின்கள் (பூட்டும் இரும்பு ஆணிகள்) ஆடுகின்றனவா என்று படுத்துப் பாருங்கள். அப்புறம் டீலர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது மெஷினின் நிறத்தைவிட முக்கியம். ட்ராக் ஒரு செட், ஸ்ப்ராக்கெட், முன்கதவுக் கண்ணாடி, இந்த மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்னரே கேட்டுவிடுங்கள், பெப்ரவரியில் கண்ணாடி வரும்வரை கதவில்லாமல் ஸ்னோ தள்ள யாராலும் முடியாது.